வழுக்காதவர்களின் பட்டியல்

ஊத்தங்குறிச்சியில் தரை வழுக்கத் தொடங்கியது ஓர் ஆடி வெள்ளிக்கிழமை காலையில். அதற்கு முந்தைய நாள் பிற்பகலில்தான், பந்தல்காரன் மருதைவீரன் காவல் நிலையத்துக் கழிவறையில் வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டான் என்று ஒரு வாக்கியம் காகிதத்தில் ஏறியிருந்தது. அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்தவள் சுடர்க்கொடி.

சுடர்க்கொடி அந்த நிலையத்தின் பெண் காவலர், தமிழ் இலக்கியம் படித்துவிட்டுத் தேர்வெழுதி வந்தவள், நாலு பேர் இருக்கும் இடத்தில் ஐந்தாவது ஆளாகப் பேச வாய் வராதவள். அன்றைக்கு ரைட்டர் தன் மகளின் காதுகுத்துக்காக விடுப்பில் போயிருந்தார். இன்ஸ்பெக்டர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே, "போடும்மா, கழிவறைக்குச் சென்றபோது எதிர்பாராதவிதமாக வழுக்கி விழுந்ததில்" என்று சொல்லச் சொல்ல, அவள் அடித்துக்கொண்டே வந்தாள். அவசரத்தில் 'வளுக்கி' என்று விழுந்துவிட்டது. அதை அழித்துவிட்டு ழகரம் போட்டாள். அவள் மேசையிலிருந்து நான்கடி தள்ளி, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்த மருதைவீரன், தன் வலது கையை யாரோ கொடுத்துவிட்டுப் போன பச்சைக் குழந்தையைப்போல மடியில் ஏந்தி வைத்திருந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. ழகரம் சரியாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்தாள்.

அந்தக் கழிவறையில் இரண்டு வருடங்களாகத் தண்ணீர் வரவில்லை. குழாயில் சிலந்தி கூடு கட்டியிருந்தது, சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் பிடிபட்ட சைக்கிள்களும் சாராயக் கேன்களும் கூரைவரை அடுக்கியிருந்தன, வழுக்கி விழ நினைத்தாலும் விழுவதற்கு அங்கே இடமில்லை. இது சுடர்க்கொடியைவிட வேறு யாருக்கும் நன்றாகத் தெரிந்திருக்க முடியாது. இரண்டு வருடங்களாக அவள்தான் நாளுக்கு இரண்டு முறை பக்கத்து வேளாண்மை அலுவலகத்துக்குப் போய், அங்கிருக்கும் கிளார்க்கிடம் கூச்சத்தோடு சாவி கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

மருதைவீரன் மேல் இருந்த வழக்கு இதுதான். ஊரில் பதினாறு கேமராக்கள் இருந்தன. ஒவ்வொரு கம்பத்திலும் 'உபயம்: சிதம்பரநாதன் மாடர்ன் ரைஸ் மில்' என்று சிவப்பில் எழுதியிருக்கும். பேருந்து நிலையக் கம்பத்திலிருந்த கேமரா ஒருநாள் காணாமல் போனது. மில்காரரின் மகன் குடித்துவிட்டுக் காரை ஓட்டிவந்து டீக்கடைப் பந்தலைச் சாய்த்ததை அது பார்த்துவிட்டதாகவும், மறுநாள் காலையில் மில் லாரி கம்பத்துக்கடியில் வந்து நின்றதாகவும், லாரியின் மேலே ஏணி இருந்ததாகவும் டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இன்ஸ்பெக்டர் வேறு மாதிரி யோசித்தார். அவ்வளவு உயரத்தில் இந்த ஊரில் எவன் ஏறுவான்? மருதைவீரன் ஏறுவான். தூறலில் நனைந்த ஐம்பதடிச் சவுக்குக் கம்பத்தில் வெறுங்காலோடு ஏறி, ஒரு கையால் கம்பத்தைப் பிடித்து மறுகையால் சீரியல் பல்பு கட்டுகிறவன் அவன். ஊரே அண்ணாந்து பார்த்து, வழுக்குமோ வழுக்குமோ என்று நிற்க, பத்து வருடங்களில் ஒருமுறைகூட வழுக்காமல் இறங்கி வந்தவன். அந்தக் கால்களுக்காகவே அவனைப் பிடித்தார்கள். பிடித்தபின், அந்தக் கால்கள் வழுக்கிவிட்டன என்று எழுதினார்கள்.

ஊர் அந்தச் செய்தியைச் சிரித்துக்கொண்டுதான் வாங்கியது. மாவுக்கட்டோடு அவன் நிற்கும் படம் வாட்ஸ்அப்பில் வந்தபோது, "பாத்ரூம்ல வழுக்கிட்டானாம்ல" என்று மளிகைக்கடையில் சொன்னார்கள், "அந்த பாத்ரூம்ல மட்டும் எப்படிப்பா எல்லாரும் வழுக்குறான்" என்று முடிதிருத்தகத்தில் சொன்னார்கள், கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகளை வரிசையாக அனுப்பினார்கள். நம்பியவர்களும் சொன்னார்கள், நம்பாதவர்களும் சொன்னார்கள், பயந்தவர்கள் மற்ற எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார்கள். மறுநாள் காலையில், அந்த வாக்கியத்தைச் சொன்ன ஒவ்வொருவரின் காலடியிலும் தரை வழுக்கியது.

முதலில் குளியலறையில், பிறகு கூடத்தில், மதியத்துக்குள் தெருவில். பாசி இல்லை, எண்ணெய் இல்லை, ஒரு சொட்டு ஈரம் இல்லை. குனிந்து விரலால் தடவினால் மண் ஒட்டியது, அதே மண்ணில் காலை வைத்தால் கால் ஓடியது. ரேஷன் கடை வரிசை ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தது. இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கி, சல்யூட் அடித்த கையை இறக்குவதற்குள் ஜீப்புக்கடியில் கிடந்தார். சுடர்க்கொடி தன் வீட்டு வாசலில் மூன்று முறை விழுந்து, நான்காவது முறை எழாமல் அங்கேயே சிறிதுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மட்டும் ஆச்சரியமாக இல்லை.

காரணம் இரண்டாம் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும், பிறகு அது பொய் என்றும் சொல்ல வேண்டும். அதைவிட வழுக்கிக்கொண்டு வாழ்வது சுலபமாக இருந்தது. கடைவீதியின் இருபுறமும் கம்பம் நட்டுக் கயிறு கட்டினார்கள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் இடப்பக்கமும் வருகிறவர்கள் வலப்பக்கமும் என்று பேரூராட்சி அறிவிப்புப் பலகை வைத்தது. மாரியம்மன் கோயிலில் கைகூப்பியபடி சுற்றிவர முடியாததால் ஆண்களும் பெண்களும் அங்கப்பிரதட்சணமே செய்தார்கள், ஊரின் பக்தி கூடிவிட்டதாகப் பூசாரி மகிழ்ந்தார். ஆவணி முகூர்த்தத்தில் மணமக்கள் அக்கினியை உட்கார்ந்தவாக்கிலேயே நகர்ந்து வலம்வந்தார்கள். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்ட வாய்கள் "இன்னிக்கு விழுந்தாச்சா?" என்று கேட்டன, "ரெண்டு தடவை" என்று பதில் வந்தால் "பரவால்ல, கம்மிதான்" என்றன. நிலத்தடி நீர்த் துறையிலிருந்து வந்தவர்கள் மண்ணை டப்பாவில் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மாதத்துக்குள், ஒரு காலத்தில் இந்த ஊரில் மனிதர்கள் கையை வீசிக்கொண்டு நடந்தார்கள் என்பதே யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராத விஷயமாகிவிட்டது.

ஆனால் கிழக்குத் தெரு வழுக்கவில்லை. அது மருதைவீரனின் தெரு. அங்கே யாரும் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கவில்லை. அவர்கள் கடைவீதிக்கு வந்தபோது, கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த ஊருக்கு நடுவே தலையில் சுமையோடு நேராக நடந்துபோனார்கள். அதைப் பார்க்க ஊருக்குப் பொறுக்கவில்லை.

டீக்கடைப் பாக்கியநாதன் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு, பால் சட்டியைப் பார்த்து, "அவன் விழலப்பா, அடிச்சாங்க" என்று மெல்லச் சொன்னார். கால் நின்றது. மகிழ்ச்சி தாங்காமல் கடைவீதியில் மேலும் கீழுமாக இரண்டு முறை நடந்தார். அடுத்த அரைமணியில் காவல் நிலையத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. சாயங்காலம் திரும்பி வந்தபோது கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்ன பாக்கியம், நல்லாத்தான நடந்த?"

"அது ஏதோ வாயுப் புடிப்புப்பா" என்றார்.

அன்றிலிருந்து இன்ஸ்பெக்டருக்கு ஒரு வழி கிடைத்தது. "நிமிந்து நடக்குறவன் எவனோ, அவன்தான் நம்மளப் பொய்யன்னு சொல்லிட்டுத் திரியிறான். வாயத் தொறந்து சொல்ல வேணாம், நடந்தாலே போதும், அதுவே கேஸு" என்றவர், சுடர்க்கொடியைக் கூப்பிட்டு, மீதியிருந்த பதினைந்து கேமராக்களின் காட்சியும் ஓடும் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு, நாற்காலியைக் கயிற்றால் மேசையோடு கட்டி உட்காரவைத்தார். "உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும். வழுக்காதவங்க பேரா எழுது."

அவள் எழுதினாள். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், நேரம், கேமரா எண். பட்டியலில் ஏறியவர்களை அழைத்துவந்து காலையிலிருந்து மாலைவரை வெயிலில் நிற்கவைத்தார்கள், எதுவும் கேட்கவில்லை, நிற்கவைத்தார்கள், அவ்வளவுதான். தான் எழுதாவிட்டால் வேறொருவர் எழுதுவார் என்று அவள் முதல் பத்துப் பெயர்வரை நினைத்துக்கொண்டாள். அதன்பிறகு எதையும் நினைக்கவில்லை.

தினமும் பத்து மணிக்கு மருதைவீரன் வருவான். ஜாமீனில் வந்தவன் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. காவலர்கள் எல்லோரும் மேசையையும் ஜன்னல் கம்பியையும் பிடித்துக்கொண்டு நிற்க, அவன் வாசற்படியேறி, வழவழவென்ற அந்தக் கூடத்தைக் கடந்து, கோயிலுக்குள் போகிறவனைப்போல நிதானமாக நடந்து வந்து அவள் முன் நிற்பான்.

"இடது கையில போடலாங்களா மேடம்?"

"ம்" என்று அவள் பதிவேட்டைத் தள்ளுவாள். அவன் எழுத்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்திவந்தது. முதல் நாள் 'ம'வே புரியவில்லை, இருபதாம் நாள் 'வீரன்' வரை படிக்க முடிந்தது. வலது கை எலும்பு கோணலாகக் கூடிவிட்டது, இனி கம்பம் பிடிக்காது என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். அதையும் அவன் சொல்லவில்லை, ஏட்டு சொன்னார்.

"ஏன்டா, உனக்கு மட்டும் எப்படிடா பிரேக்கு புடிக்குது?" என்று ஏட்டு ஒருநாள் கேட்டார்.

"நான் ஒண்ணும் சொல்லலீங்களே ஐயா" என்றான் மருதைவீரன்.

ஏட்டு சிரிக்க வாய் திறந்து, கால் நழுவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

பெயர்கள் சேரச் சேர, கிழக்குத் தெருக்காரர்கள் ஒரு தந்திரம் கற்றுக்கொண்டார்கள். கடைவீதியின் முதல் கேமராவுக்கு வந்ததும் வழுக்குவதுபோல நடிக்கத் தொடங்கினார்கள். நேராக வந்த மனிதர்கள் கம்பத்தில் எழுதியிருந்த 'உபயம்' என்ற எழுத்தைக் கண்டவுடன் முழங்காலை மடக்கி, கையை விரித்து, தட்டுத்தடுமாறி, கேமரா முடியும் இடம்வரை போய், சந்துக்குள் திரும்பியதும் நிமிர்ந்தார்கள். ஒரு புதன்கிழமை மருதைவீரனின் மனைவி சித்ரா வந்தாள். தலையில் புல்லுக்கட்டு. கேமராவை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள், பிறகு தடுமாறினாள். ஆனால் அவள் முன்பக்கமாகத் தடுமாறினாள். நிஜமாக வழுக்குகிறவர்கள் எப்போதும் பின்பக்கமாகத்தான் சரிவார்கள். திரையில் அதைப் பார்த்த சுடர்க்கொடியின் கை, அவளைக் கேட்காமலேயே, 'சித்ரா, க/பெ மருதைவீரன், 11.20, கேமரா 4' என்று அழகாக எழுதி முடித்திருந்தது.

மறுநாள் மாலையில், நாள் முழுக்க வெயிலில் நின்ற சித்ரா, தண்ணீர் கேட்டு உள்ளே வந்தாள். சுடர்க்கொடி தன் பாட்டிலைக் கொடுத்தாள். குடித்துவிட்டு, முந்தானையால் பாட்டிலின் வாயைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தபடி, சித்ரா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மேடம், நான் நல்லாத்தான வழுக்குனேன்? எங்க தப்புப் பண்ணேன்னு சொல்லுங்க. நாளைக்குச் சரியா வழுக்குறேன்."

சுடர்க்கொடி பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தி, பாக்கியநாதன் செய்ததைப்போலவே சமையலறையில் நின்று, "அவர் விழவில்லை" என்றாள். வழுக்கியது. "அவர் விழவில்லை, அங்கே தண்ணீரே இல்லை" என்று இன்னும் சத்தமாகச் சொன்னாள். வழுக்கியது. பாக்கியநாதன் வாயால் சொன்னார், வாயால் திருப்பி எடுத்துக்கொண்டார். அவளோ எழுதியிருந்தாள். எழுதியது சமையலறையில் சொன்னால் போகாது என்று, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவளுக்குப் புரிந்தது.

மருதைவீரன் கொடுத்திருந்த மனுவின்பேரில், ஐப்பசி முதல் வாரத்தில் கோட்டாட்சியர் விசாரணைக்கு வந்தார். விழுந்தான் என்று முடிவானால் அதோடு கதை முடிந்தது, கேமரா வழக்கும் நிற்கும், கையும் கணக்கில் வராது. விழவில்லை என்று ஒரே ஒரு சாட்சி சொன்னால் போதும், எல்லாவற்றையும் மறுபடி தோண்ட வேண்டிவரும். அந்த ஒரு சாட்சி யார் என்பதில் ஊருக்குச் சந்தேகமில்லை. அன்றைக்கு மருதைவீரனுக்கு நான்கடி தள்ளி இருந்து, அந்தக் கழிவறையையும் அறிந்து, அந்தக் காகிதத்தையும் அடித்தவள் அவள் ஒருத்திதான். பேரூராட்சிக் கூடத்தின் முற்றத்தில், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஊர் முழுக்க வந்து நின்றது.

கோட்டாட்சியர் வெளியூர்க்காரர், கெட்டிக்காரர், கோப்பைக் கண்ணால் மட்டும் படித்தார். வழியில் அதை வாய்விட்டுப் படித்த அவருடைய உதவியாளர், முகவாயில் பிளாஸ்திரியோடு தட்டச்சுப் பொறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"இதைத் தட்டச்சு செய்தது நீங்களாம்மா?"

"ஆமாங்க ஐயா."

"அன்றைக்கு அந்தக் கழிவறையில் தண்ணீர் இருந்ததா?"

மூன்று வாரங்களாக அவள் இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்ற பதிலை மனப்பாடம் செய்திருந்தாள். கம்பியைப் பிடித்திருந்த இன்ஸ்பெக்டரின் விரல்களைப் பார்த்தாள். அந்த விரல்கள் எதுவும் செய்யவில்லை, சும்மாதான் இருந்தன.

"இருந்துச்சுங்க ஐயா" என்றாள்.

உதவியாளர் தட்டினார். அவ்வளவுதான். போகலாம் என்றார்கள். சுடர்க்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள், முற்றத்துக்கு இறங்க மூன்று படிகள், முதல் படியிலேயே இரண்டு கால்களும் அவளைவிட்டுப் போய்விட்டன. பின்பக்கமாகச் சரிந்தாள். தலை படியில் மோதுவதற்குள் ஒரு கை அவள் முழங்கையைப் பற்றி நிறுத்தியது. இடது கை. படியோரம் தன் முறைக்காகக் காத்திருந்த மருதைவீரன், யார் என்று பார்ப்பதற்கு முன்பே, விழுகிற எதையும் பிடித்துப் பழகியவனாகப் பிடித்திருந்தான்.

"மெதுவா மேடம். காலை அகட்டி வைங்க. என் மேல பாரத்தப் போடுங்க, பரவால்ல."

கையை உதறினால் விழுவாள், பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. அவன் அவளை ஒவ்வொரு படியாக இறக்கினான். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது, யாரும் சிரிக்கவில்லை. தரைக்கு வந்ததும் அவள் அவன் முகத்தை முதன்முறையாகப் பார்த்தாள். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. இத்தனை நாள் கையெழுத்து வாங்கியும் அதைப் பார்த்ததில்லை.

"தண்ணி இல்லீங்க" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "அந்த ரூம்ல தண்ணியே இல்ல."

மருதைவீரன் கோபப்படவில்லை. அவளுக்கு ஏதோ புரியவில்லைபோல என்று நினைத்துக்கொண்டவனாகச் சொன்னான்:

"எனக்கு எதுக்கு மேடம் சொல்றீங்க? நான் அங்கதான இருந்தேன்."

பிறகு அவள் நிற்கிறாளா என்று பார்த்து, மெல்லக் கையை எடுத்துக்கொண்டான்.

கூடத்துக்கு மூன்று படிகள், அதற்கப்பால் வாசலிலிருந்து மேசைவரை பன்னிரண்டு எட்டு இருக்கும். படியிலும் நடுக்கூடத்திலும் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. சுடர்க்கொடி தொப்பியைக் கழற்றிப் படியோரம் வைத்தாள். முட்டி போட்டாள். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, காக்கிச் சட்டையின் முன்பக்கம் புழுதியில் தோய, குழந்தை தவழ்வதுபோலப் படியேறித் தவழ்ந்தாள். உள்ளங்கை நழுவும், முழங்கை தரையில் இடிக்கும், மறுபடி ஊன்றுவாள். பின்னால் யாரோ ஒரு பெண், "அய்யோ, எந்திரி தாயி" என்றாள். ஜன்னலிலிருந்து இன்ஸ்பெக்டர், "ஏய், என்ன இது, யூனிஃபார்ம்ல" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவர முயன்று, சத்தத்தோடு விழுந்தார்.

கோட்டாட்சியர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என்னம்மா?"

"நான் முன்ன சொன்னது தப்புங்க ஐயா. அந்தக் கழிவறையில ரெண்டு வருசமா தண்ணி இல்ல. அவர் விழல. எழுதிக்கச் சொல்லுங்க."

கோட்டாட்சியர் உதவியாளரைப் பார்த்துத் தலையசைத்தார். பொறி தட்டத் தொடங்கியது. ஒவ்வொரு எழுத்தாக அது காகிதத்தில் விழ விழ, உள்ளங்கைக்கடியில் தரை சொரசொரப்பாவதை, சிமெண்டு சிமெண்டாகத் திரும்பி வருவதை அவளால் உணர முடிந்தது.

"எழுந்து உட்காரும்மா. நாற்காலி இருக்கு."

எழுந்தால் நிற்க முடியும் என்று அவளுக்குத் தெரிந்தது. முற்றத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாங்க ஐயா. இங்கேயிருந்தே சொல்றேன்."

உதவியாளர் தாளைச் சரிசெய்துகொண்டு, "இதை எழுதினப்போ ஸ்டேஷன்ல யார் யார் இருந்தாங்க? பேரைச் சொல்லுங்க" என்றார்.

"சுடர்க்கொடி" என்று அவள் தொடங்கினாள். "நடுவுல ஒரு 'க்' போடணுங்க. 'சுடர்'. அப்புறம் 'கொடி'. தட்டச்சு செய்தது நான்னு போடுங்க. அதுக்கப்புறம் மத்தவங்க பேரைச் சொல்றேன்."